சிங்கப்பூரா, பெங்களூரா, சொந்த ஊரா? பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்போது எடுக்க வேண்டிய முடிவு

2010 முதல் 2022 வரை சிங்கப்பூரில் இருந்தோம். அந்த ஆண்டு டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டோம். அங்கே யீஷூன் பகுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் மகனின் பள்ளியிலும் பழகிய தமிழ்க் குடும்பங்களிலிருந்து இன்றும் அழைப்புகள் வருகின்றன. நலம் விசாரித்து முடித்ததும் பேச்சு ஒரு கணம் நின்றுபோகும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: “அக்கா, நீங்க கிளம்பி வந்தது சரின்னு இப்ப தோணுதா? நாங்க என்ன பண்றது?”

கேட்பவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பத்து, பதினொரு வயது. அந்த வயதில்தான் இந்தக் கேள்வி எல்லோர் வீட்டிலும் வந்து உட்காருகிறது. அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சிங்கப்பூர் எங்களை நன்றாக வைத்திருந்தது. பிரசவ வலியோடு நள்ளிரவில் டாக்சியில் ஏறிய நாளிலிருந்து கடைசி நாள்வரை அந்த ஊரில் நான் பயந்தது கிடையாது. கிளம்பியதில் வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு. இரண்டும் ஒரே நாளில், சில சமயம் ஒரே மணி நேரத்தில் வரும். அதனால் “இதுதான் நல்லது” என்று ஒரே வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதையெல்லாம் வைத்து எடை போட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

## எதை வைத்து எடை போடுவது

சம்பளத்தையும் செலவையும் இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டிக் கழிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பிறகு பார்த்தால் எங்கள் முடிவைத் தீர்மானித்தவை வேறு.

முதலாவது, பிள்ளை மகனா மகளா என்பது. சிங்கப்பூரில் இது சட்டப்படியே பெரிய வேறுபாடு, ஏனென்றால் தேசிய சேவை (ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி) ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான். இரண்டாவது, தமிழ் யார் பொறுப்பில் இருக்கிறது, பள்ளியிடமா நம்மிடமா. மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரி இடத்துக்குப் பிள்ளை எந்த ஒதுக்கீட்டில் நிற்பான் என்பது. நான்காவது, ஊரிலிருந்து ஒரு போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும். ஐந்தாவது, பிள்ளை தனியாக வெளியே போய்வர முடியுமா. பணம் ஆறாவதுதான். அது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சிங்கப்பூரில் பத்தாண்டு வேலை பார்த்த குடும்பம் எந்த வழியில் போனாலும் சாப்பாட்டுக்குத் தவிக்காது என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

## சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கி அங்கேயே இருப்பது

தமிழில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே (ஒன்றாம் வகுப்பு) தாய்மொழிப் பாடமாகப் பள்ளியில் இருக்கிறது. தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் தமிழுக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் பிள்ளை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் படித்தாக வேண்டும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கும். வட்டார நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குத் தனி அலமாரி இருக்கும். என் மகன் ஆறு வயதில் தமிழில் தன் பெயரை எழுதியது என்னால் இல்லை. அவனுடைய தமிழ் ஆசிரியையால்.

பிள்ளையின் சுதந்திரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் அவன் தனியாகப் பேருந்தேறி நூலகம் போய் வருவான். கீழ்த்தளத்தில் பந்து விளையாடிவிட்டு எதிரே இருக்கும் உணவங்காடியில் மைலோ வாங்கிக் குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேலே வருவான். அந்த நேரத்தில் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நிம்மதிக்கு என்ன விலை போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேசிய சேவை. பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன் பிறகும் பல ஆண்டுகள் அவ்வப்போது பயிற்சி அழைப்புகள். குடிமக்களின் மகன்களுக்கு மட்டும் உள்ள கடமை இது என்று சிலர் நினைக்கிறார்கள். பெற்றோரின் பேரில் நிரந்தரவாசம் (பிஆர்) வாங்கிய மகனுக்கும் இது பொருந்தும். வேலைக்காக முதன்முதலில் நிரந்தரவாசம் வாங்கிய அப்பாவுக்கு விலக்கு உண்டு, மகனுக்குக் கிடையாது.

எங்கள் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின் மகன் சீருடையோடு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா வாசலில் நின்று அவனுடைய பையை வாங்கிக்கொள்வார். அவர் முகத்தில் பெருமை தெரியும். என் கணவர், “இந்த ஊர் நமக்குக் கொடுத்ததுக்கு இரண்டு வருஷம் பெரிசா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். எனக்கு உடல் கஷ்டத்தை நினைத்துப் பயம் இருந்ததில்லை. மகன் ஒரு கொடியின் முன்னால் உறுதிமொழி எடுக்கப் போகிறான் என்றால், அதற்கு முன் நாங்கள் இருவரும் இது எங்கள் நாடு என்று மனதார முடிவு செய்திருக்க வேண்டும் இல்லையா? அதை நாங்கள் செய்யவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் “இன்னும் ரெண்டு வருஷம்” என்று கும்பகோணத்தில் இருக்கும் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளையைச் சேவைக்கு அனுப்புவது நேர்மையாக எனக்குப் படவில்லை.

குடியுரிமையின் மறைமுக விலை இந்தியப் பக்கத்தில் இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம். அந்த அட்டையோடு இந்தியாவில் வாழலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். கும்பகோணம் பக்கத்தில் நாலு மா நிலம் வாங்கிப் போடும் கனவு உங்களுக்கு இருந்தால் இதைக் கவனியுங்கள்.

மகளை இந்தியாவில் மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2021 மார்ச் 4ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டை உள்ளவர்கள் நீட் வழியாக என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. இனி புதிதாக வாங்குபவர்களுக்குப் பொருந்தும். என்ஆர்ஐ இடத்துக்கான கட்டணம் எவ்வளவு என்று ஒரு தனியார் கல்லூரியைக் கேட்டுப் பாருங்கள், மீதி புரிந்துவிடும்.

யாருக்கு இது சரி: இருவரும் மனதளவில் அங்கேயே குடியேறிவிட்டவர்கள், மகன் தேசிய சேவை செய்வதைப் பெருமையாக நினைப்பவர்கள், ஊரில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அண்ணனோ தங்கையோ இருப்பவர்கள்.

## முடிவெடுக்காமல் இழுப்பது

இதையும் ஒரு தேர்வாகவே எண்ணுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் இருப்பது இதில்தான்.

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு கெடுதல் இல்லை. சிபிஎஸ்இ நடத்தும் இந்தியப் பள்ளிகள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. பிள்ளையை அங்கே சேர்த்தால் எந்த ஆண்டும் திரும்பலாம். மனைவியின் வேலைதான் இடிக்கும். 2021 மே மாதத்திலிருந்து சார்ந்தோர் அனுமதி (கணவரின் வேலையைச் சார்ந்து தங்கும் அனுமதி) வைத்திருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். அப்பா அம்மாவை நீண்ட நாள் அழைத்து வைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும்.

நிரந்தரவாசிகளின் கதை வேறு. நிரந்தரவாசம் என்ற சொல்லைக் கேட்டு நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாடு போய்த் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பொதுவாக ஐந்து ஆண்டு. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க வேண்டுமானால் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அதுவும் மறுவிற்பனை வீடு மட்டும்தான். எங்களைப் பிடித்த விதி இன்னொன்று. நிரந்தரவாசிக் குடும்பம் வீவக வீடு வாங்கினால், வெளிநாட்டில் இருக்கும் குடியிருப்பு வீட்டையும் ஆறு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். நாங்கள் பெங்களூர் ஹொரமாவில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தோம். அதை விட மனமில்லாமல் பன்னிரண்டு ஆண்டும் யீஷூனில் வாடகைதான் கொடுத்தோம். அந்த வாடகையைக் கூட்டிப் பார்க்க இன்றும் எனக்குத் தைரியமில்லை.

ஆண்பிள்ளை உள்ள நிரந்தரவாசிகளுக்குக் கதவு பதின்மூன்று வயதில் சாத்தத் தொடங்குகிறது. பதின்மூன்று வயதிலிருந்து, மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால் அவனுக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். நீண்ட காலம் வெளியே படிக்க வைப்பதானால் பிணைத்தொகை கேட்பார்கள். அது 75,000 வெள்ளி அல்லது பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் பாதி, இதில் எது அதிகமோ அது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்தால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாக வந்து நிற்கும். குடும்பத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களையும் அது தொடலாம்.

நாங்கள் மூவரும் நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதாவது, என் மகன் பிறந்த ஊரின் கதவை அவனைக் கேட்காமல் நாங்களே சாத்தினோம். பதினொரு வயதுப் பிள்ளையை இதில் என்ன கேட்பது என்று அன்று தோன்றியது. இன்று அவனுக்குப் பதினான்கு வயது. போன வாரம், “நான் அங்க காலேஜுக்குப் போக முடியாதாம்மா?” என்று கேட்டான். கஷ்டம் என்று சொன்னேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

யாருக்கு இது சரி: வேலை அனுமதியில் இருந்து பிள்ளையை இந்தியப் பள்ளியில் படிக்க வைப்பவர்கள், பெண்பிள்ளை மட்டும் உள்ளவர்கள், பிள்ளைக்கு இன்னும் எட்டு வயது ஆகாதவர்கள். பத்து வயது மகனுள்ள நிரந்தரவாசிகள் இழுக்காதீர்கள். எந்தப் பக்கமானாலும் சரி, முடிவெடுங்கள்.

## பெங்களூருக்குத் திரும்புவது

திரும்புபவர்களில் பெரும்பாலோர் சென்னையையும் கோவையையும் விட்டு இங்கே வருவது வேலைக்காகத்தான். என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் வேலை. அதே மாதிரி வேலை இங்கே இரண்டு மாதத்தில் கிடைத்தது. எனக்குக் கணக்கு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இரண்டு சம்பளத்தை நம்பித் திட்டம் போடுபவர்கள் முதல் ஆண்டை ஒரு சம்பளத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பிள்ளை வேரோடு வளரட்டும்னு வர்றோம்” என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழுக்காக என்றால் பெங்களூருக்கு வராதீர்கள். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தெருவெல்லாம் தமிழ் கேட்கும். காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோரும் தமிழ் பேசுவார்கள். பள்ளிக்குள் நுழைந்தால் தமிழ் இல்லை. மகனைச் சேர்த்த சிபிஎஸ்இ பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டா என்று கேட்டேன். “கன்னடம் அல்லது இந்தி, மூன்றாவதாக வேண்டுமானால் சமஸ்கிருதம்” என்றார்கள். கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கற்பிக்க வேண்டும். அது நியாயம், இந்த மண்ணின் மொழி அது. மகன் கன்னடம் எடுத்தான். ஆறே மாதத்தில் செக்யூரிட்டி தாத்தாவோடு சரளமாகப் பேசினான், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே ஆண்டு அவன் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தில் ல, ழ, ள மூன்றும் குழம்பிக் கிடந்தன. சிங்கப்பூரில் பள்ளி செய்துகொண்டிருந்த வேலை இங்கே என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம், அவனும் நானும், சாப்பாட்டு மேசையில். மூன்று ஆண்டாக விடாமல் நடத்துகிறேன். அதை நடத்த உங்களுக்கு நேரமும் பொறுமையும் இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள்.

மொழியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. காவிரிப் பிரச்சினை சூடாகும்போது இங்குள்ள தமிழர்களின் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். 1991 டிசம்பர் வன்முறையை நேரில் பார்த்த குடும்பங்கள் எங்கள் குடியிருப்பில் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டு துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. சில நாளில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நாங்கள் வந்த பிறகு எங்களை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினால் இந்த ஊர் நம்மை அணைத்துக்கொள்கிறது என்பது என் அனுபவம். நான் கற்றுக்கொண்டேன், நீங்களும் வந்ததும் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கல்லூரி இடம். பதினொரு வயது ஏன் முக்கியம் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதன் இன்னொரு பாதி இங்கே இருக்கிறது. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர, பொதுவாக ஒன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் சரியாக ஏழு வரும். பிஎஸ்எல்இ எழுதி முடித்துவிட்டு வரலாம் என்று ஓராண்டு தாமதித்தால் ஏழாம் வகுப்பில்தான் சேர முடியும், ஆறு ஆண்டுதான் வரும். எங்கள் தோழி ஒருவர் அப்படித்தான் வந்தார். பிள்ளை அவ்வளவு கஷ்டப்பட்டுத் தயாரான தேர்வு, எழுதிவிட்டே வரட்டும் என்ற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு இப்படி ஒரு விலை இருப்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு, எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காத பிள்ளை பிறப்பிடச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிக்கலாம். அதனால் ஊரில் உங்கள் பழைய பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பள்ளி ஆண்டும் பொருந்தாது. அங்கே ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். இங்கே ஏப்ரலிலோ ஜூனிலோ தொடங்கும். மகன் ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். இழப்பாக நினைத்தேன், கடைசியில் அவன் கன்னட எழுத்துகளைப் பழகியதும் கும்பகோணத்தில் அப்பாயியோடு ஒரு மாதம் இருந்ததும் அந்த ஐந்து மாதத்தில்தான்.

அன்றாட வாழ்க்கையில் இறக்கம் இருக்கிறது. நடைபாதை இல்லை, அல்லது அதன் மேல் பைக் ஓடுகிறது. அங்கே ஒன்பது வயதில் தனியாகப் பேருந்தேறிய பிள்ளை, இங்கே பதினொரு வயதில் பள்ளி வேனுக்காகக் கேட்டுக்குள் நின்றான். எனக்கு அதிகம் வலித்தது இதுதான். அவன் குரல்கூட ஓராண்டு சின்னதாகிவிட்டது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கர் தண்ணீருக்காகக் காத்திருந்தோம், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். போக்குவரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஏன் வந்தோம்? அத்தைக்காக. இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அங்கிருந்து கும்பகோணம் காரில் இரண்டரை மணி நேரம். பெங்களூரிலிருந்து ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க. கடிகாரத்தைப் பார்த்தால் சிங்கப்பூர்தான் பக்கம்! ஆனால் அங்கிருந்து ஆண்டுக்கு ஒருமுறை போனோம், இங்கிருந்து மாதம் ஒருமுறை போகிறோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரயிலேறி, சனிக்கிழமை காலை காபிக்கு அத்தை வீட்டில். லீவு கேட்க வேண்டாம், மூன்று பேருக்கு விமான டிக்கெட் போட வேண்டாம், பெட்டி நிறையச் சாமான் வாங்க வேண்டாம். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது என் கணவர் மறுநாள் காலை பக்கத்தில் இருந்தார், அடுத்த ஐந்து வார இறுதிகளும் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து முதல் நாள் வந்திருப்பார். ஐந்தாவது வாரம் வந்திருக்க மாட்டார்.

பண விஷயம் நான்கு. கிளம்பும்போது நிறுவனம் வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும், அதனால் கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் மத்திய சேம நிதியில் (சிபிஎஃப்) ஊழியர் 20 சதவீதமும் நிறுவனம் 17 சதவீதமும் போட்டிருப்பார்கள், நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்து நிரந்தரமாகக் கிளம்பினால் அதை எடுக்கலாம். முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு, வந்த பிறகு இரண்டு மூன்று ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லாத ஒரு நிலை உண்டு. எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும், கிளம்பும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டையும் வந்ததும் எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்பு இருக்கலாம்.

யாருக்கு இது சரி: ஊரில் வயதான பெற்றோர் இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாதவர்கள், பிள்ளையை ஆறாம் வகுப்புக்குள் கொண்டுவர முடிந்தவர்கள், தமிழை வீட்டில் தாங்களே நடத்தத் தயாராக இருப்பவர்கள்.

## திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போவது

மனசு முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளைக்குத் தமிழ், பெற்றோருக்குத் துணை, செலவு குறைவு, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் பள்ளிப் பாடமாக்கியது. சிங்கப்பூர் போய்வர விமானமும் திருச்சியிலிருந்தே உண்டு.

வேலைதான் இல்லை. திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, ஆனால் பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கு ஏற்ற இடங்கள் குறைவு. வீட்டிலிருந்தே வேலை பார்க்க நிறுவனம் எழுத்தில் உறுதி கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி வந்து ஓராண்டில் பெங்களூருக்குப் பெட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும், பிள்ளைக்கு அது இரண்டாவது இடமாற்றம்.

பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்தாண்டு தனிக்குடித்தனம் நடத்தி, நம் சம்பளத்தை நாமே செலவழித்துப் பழகிவிட்டு, கூட்டுக் குடும்பத்துக்குள் மருமகளாகத் திரும்புவது சுலபமில்லை. அத்தை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சுலபமில்லை. இதை உங்கள் கணவரிடம் சிங்கப்பூரிலேயே பேசிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க

| எதை வைத்து | குடியுரிமை | இழுப்பது | பெங்களூர் | சொந்த ஊர் |
|---|---|---|---|---|
| மகனின் தேசிய சேவை | உண்டு | நிரந்தரவாசிக்கு உண்டு, 13 வயதில் பிடி இறுகும் | விட்டு வந்தால் அங்கே திரும்பும் கதவு குறுகும் | அதேதான் |
| பிள்ளையின் தமிழ் | பள்ளியின் பொறுப்பு | உள்ளூர்ப் பள்ளி என்றால் பள்ளியின் பொறுப்பு | முழுக்க உங்கள் பொறுப்பு | ஊரே பார்த்துக்கொள்ளும் |
| கல்லூரி இடம் | அங்கே சுலபம், இந்தியாவில் ஓசிஐ கட்டுப்பாடு | இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும் | 6ஆம் வகுப்புக்குள் வந்தால் நல்லது | ஒதுக்கீட்டுச் சிக்கல் குறைவு |
| பெற்றோர் | ஆண்டுக்கு ஒருமுறை | ஆண்டுக்கு ஒருமுறை | மாதம் ஒருமுறை | தினமும் |
| பிள்ளையின் சுதந்திரம் | மிக அதிகம் | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| இருவருக்கும் வேலை | நல்லது | மனைவிக்குத் தடை வரலாம் | நல்லது, முதல் ஆண்டு கஷ்டம் | அரிது |

## இந்த ஆண்டு முடிவெடுப்பவர்களுக்கு

மகன் தொடக்கநிலை நான்கிலோ ஐந்திலோ இருந்தால், உங்களுக்கு இருப்பது ஓராண்டோ, மிஞ்சினால் இரண்டோதான். ஆறாம் வகுப்பு, பிஎஸ்எல்இ, பதின்மூன்றாவது பிறந்தநாள், மூன்றும் வரிசையாக வருகின்றன. மகள் என்றால் இவ்வளவு அவசரமில்லை, கல்லூரிக் கணக்கை மட்டும் பாருங்கள்.

பெற்றோர் நன்றாக நடமாடுகிறார்கள், மகன் அந்த ஊரைத் தன் ஊர் என்கிறான் என்றால் நான் அங்கேயே இருங்கள் என்பேன். தயங்காமல் குடியுரிமைக்கு எழுதுங்கள். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், அவர் குரல் மெலிந்துகொண்டே வருகிறது என்றால் வாருங்கள். அம்மாவுக்காக வருகிறோம் என்று பிள்ளையிடமும் உண்மையாகச் சொல்லுங்கள். நாங்கள் “உனக்காகத்தான்” என்று சொன்னோம். அவன் நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

வரும் நவம்பர், டிசம்பர் விடுமுறையில் ஆறு வாரம் கிடைக்கும். உறவினர் வீட்டில் தங்காமல், நீங்கள் வேலை பார்க்கப்போகும் பகுதியில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து அந்த ஆறு வாரமும் இருங்கள். இங்கே அப்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும். காலை எட்டு மணிக்குப் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகளை உங்கள் பிள்ளை பார்க்கட்டும். பக்கத்துக் கடைக்கு அவனைத் தனியாக அனுப்ப உங்களுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு ரயிலேறிப் போய்விட்டு ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை வேலை பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் நேரே வந்துவிட்டோம். முதல் மூன்று மாதம் மகன் தன் பழைய பேருந்து அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். இப்போது அது அவன் மேசை டிராயரில் இருக்கிறது.